செக்‌ஷன் சார் மீது ஒரு புகார்

விலங்கு நலத்துறை இன்ஸ்பெக்டருக்கு ஆபீசில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: செக்‌ஷன் சார். யாராவது பூனை என்று வாயைத் திறந்தால் போதும், "ஏழாம் பிரிவு, மூணாவது உட்பிரிவு" என்று ஆரம்பித்துவிடுவார். பள்ளிக்கூடங்களுக்குப் போய் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேசுவார். பேச்சின் நடுவே மேசையை ஓங்கித் தட்டுவார். ஒரு முறை அப்படித் தட்டியதில் முன்வரிசைக் குழந்தை ஒன்று அழுதுவிட்டது. அந்தப் பட்டப்பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மனைவிக்குக் கோபம் வந்தால் 'என்னங்க' போய் 'செக்‌ஷன் சார்' வந்துவிடும்.

பதினோரு வருடமாக அவர் இந்த நாற்காலியில் இருக்கிறார். போட்ட வழக்குகள் நூற்றுக்கு மேல். அதில் தண்டனை வாங்கிக் கொடுத்தவை எத்தனை என்று யாரும் கேட்காதவரை அது பெருமையான எண்ணிக்கைதான். கேட்டுவிட்டால், பூஜ்யம். சாட்சி ஊரை விட்டுப் போயிருப்பார், டாக்டர் சர்டிபிகேட்டில் முத்திரை இருக்காது, நீதிபதிக்கு மாற்றல் வரும், எல்லாம் கூடி வந்து வழக்கு எடுக்கப்படும் நாளில் சம்பந்தப்பட்ட நாய் வயதாகிச் செத்திருக்கும். "என்னால ஒருத்தனும் இதுவரைக்கும் ஒரு நஷ்டமும் பட்டதில்ல. அந்த வகையில நான் ரொம்ப சாது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அதற்குப் பிறகு மற்றவர்கள் எதுவும் கேட்பதில்லை.

இதில் இன்னொரு கூத்து உண்டு. அவர் பிடித்துக் கொடுத்த ஆட்களில் பாதிப் பேருக்கு வக்கீலாக வந்து நின்றவன் அவருடைய மனைவியின் தம்பி. கோர்ட்டில் "கனம் நீதிபதி அவர்களே, இந்த இன்ஸ்பெக்டரின் திறமையைப் பற்றி நான் சொல்ல விரும்பவில்லை" என்பான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, "மாமா, அந்தக் குழம்பை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்பான். அவரும் தள்ளுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு தையல்காரம்மா ஆபீசுக்குள் வந்தார். வயது ஐம்பது இருக்கும். மேசையின் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "புகார் குடுக்கணும்" என்றார்.

செக்‌ஷன் சார் படிவத்தை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார்.

"என்ன பிராணிம்மா?"

"கழுதை."

"தெருவுல திரியறதா, யாராவது வளக்கறதா?"

"கட்டிப் போட்டிருக்கு சார். அப்ப யாரோ வச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

"எவ்வளவு நாளா?"

"நான் எதிர் மாடிக்குக் கடையைக் கொண்டு வந்தே ஒம்பது மாசம் ஆச்சு. வந்த நாள்லேருந்து பாக்கறேன். அதே இடம், அதே முழ நீளக் கயிறு. படுத்தா எந்திரிக்க மாட்டேங்குது. எந்திரிச்சா படுக்க மாட்டேங்குது. குளம்பெல்லாம் வளந்து மேல சுருண்டு போச்சு."

அவர் எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதிக்கொண்டே, புகார் கொடுக்க வருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்லும் சில வார்த்தைகளைச் சொன்னார். அவை மக்களின் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது அவருடைய நம்பிக்கை. தன்னுடைய நேரத்தையும் மிச்சப்படுத்தும் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

"அம்மா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். புகார் குடுத்தா நீங்க சாட்சி சொல்லணும். கோர்ட்டுக்கு நாலு தடவ, அஞ்சு தடவ அலையணும்."

"அலையறேன்."

"வருஷக்கணக்குல இழுக்கும்."

"நான் எங்கயும் போகப் போறதில்ல."

"அந்த ஆளுங்க வந்து உங்களை மிரட்டினாலும் மிரட்டுவாங்க."

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு, நீங்களா?"

அவருக்குப் புரியவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போனார். "குற்றம் நடந்த இடம்?"

அந்தம்மா கையை நீட்டி அவர் தோளுக்குப் பின்னால் காட்டினார். செக்‌ஷன் சார் திரும்பினார். அங்கே ஒரு ஜன்னல். பாதி ஜன்னலை மறைத்துக்கொண்டு பழைய கோப்புகள் அடுக்கியிருந்தன. மீதிப் பாதியில் தூசி.

"அந்தப் பக்கம் எங்க ஷெட்டுதானே இருக்கு?"

"அதேதான்."

பேனா நின்றது. குற்றம் நடந்த இடம் என்ற கட்டத்தில் அவர் ஏற்கனவே 'எதிர்த் தெரு' என்று எழுதத் தொடங்கி 'எதி' வரைக்கும் வந்திருந்தார். அதை அடித்துவிட்டு என்ன எழுதுவது என்று யோசித்தார். சொந்த ஆபீஸ் விலாசத்தை அவர் இதுவரை அந்தக் கட்டத்தில் எழுதியதில்லை.

"அம்மா, அது நாங்க காப்பாத்தின கழுதை" என்றார் கடைசியில். "ஒரு வழக்குல பறிமுதல் பண்ணினது. வழக்குப் பொருள். கோர்ட்டு உத்தரவு இல்லாம அதை நகத்தக் கூடாது."

"பொருளா? அது மூச்சு விடுது சார்." அந்தம்மா போனை எடுத்து மேசையில் வைத்தார். தேதி போட்ட படங்கள், மாதத்துக்கு ஒன்று. "எனக்கு ரசீது வேணும். ரசீது குடுக்காம அனுப்பினா ஒத்துக்காதீங்கன்னு போன மாசம் என் தங்கச்சி பொண்ணு ஸ்கூல்ல வந்து பேசினது நீங்கதானாமே. மேசையெல்லாம் தட்டினீங்களாம்."

ரசீது கொடுத்தார்.

அந்தக் கழுதையின் கதை இது. பதினாலு மாதத்துக்கு முன்பு, பட்டப்பகலில், நடுத்தெருவில், செக்‌ஷன் சார் ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்தார். வீடு கட்டுகிற இடங்களுக்குக் கழுதைமேல் மணல் மூட்டை ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அந்தப் புண்மேலேயே மூட்டை. நகரவில்லை என்று மின்சார வயரை மடித்து வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். செக்‌ஷன் சார் ஸ்கூட்டரை நிறுத்தி, ஏழாம் பிரிவைச் சொல்லி, கழுதையைப் பறிமுதல் செய்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்று இரவு அவர் கண்ணாடியில் தன்னைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டார்.

கழுதை ஷெட்டுக்கு வந்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. மணல்காரருக்கு வக்கீலாக மைத்துனன் வந்தான். பத்து வாய்தா. கழுதைக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த ஆபீஸ் உதவியாளர் எட்டு மாதத்துக்கு முன்பு ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. வாட்ச்மேன் ஞாபகம் வந்தால் வைக்கோல் அள்ளிப் போடுவார், குழாயைத் திறந்துவிடுவார். செக்‌ஷன் சார் முன்வாசல் வழியாக வருகிறவர், முன்வாசல் வழியாகப் போகிறவர். கோப்பில் 'கழுதை, ஒன்று, துறையின் பாதுகாப்பில்' என்று இருந்தது. அவர் அந்த வரியை மாதா மாதம் பார்த்துக்கொண்டிருந்தார். கழுதையைத்தான் பார்க்கவில்லை.

தையல்காரம்மா படியிறங்கிப் போனதும் அவர் பின்பக்கம் போனார். ஷெட்டின் கதவு உட்புறமாகச் சாணத்தில் சிக்கி, தோளால் தள்ளித்தான் திறந்தது. உள்ளே நாற்றம் கண்ணைக் கரித்தது. மேலே பாதிக் கூரை இல்லை; அந்த வழியாகத் தையல்காரம்மாவின் மாடி ஜன்னல் தெரிந்தது. துரு ஏறிப்போன துறை ஜீப் ஒன்று, அதன் பம்பரில் கட்டிய கயிறு, கயிற்றின் முனையில் கழுதை. படுத்திருந்தது. அவரைப் பார்த்து எழ முயன்றது. முன்னங்கால் குளம்புகள் இரண்டும் பழைய ராஜா காலத்துச் செருப்பின் மூக்கு மாதிரி நீண்டு மேலே வளைந்திருந்தன. அதை ஊன்றினால் கால் பின்பக்கம் சாய்ந்தது. இரண்டு முறை முயன்று, மூச்சு வாங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டது. முதுகுப் புண் ஆறியிருந்தது. அதை மட்டும் பார்த்துவிட்டு வெளியே போய்விடலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது உண்மை. அவ்வளவு பெரிய சாமர்த்தியசாலி அவர்.

கயிற்றை அவிழ்த்தார். தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினார். சட்டையெல்லாம் நாசமாயிற்று. குதிரைகளுக்கு லாடம் அடிக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார். அவர் திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார். "எத்தனை மாசமா குளம்பு வெட்டல?" என்று கேட்டார். செக்‌ஷன் சார் சொன்னார். "அந்த ஆளைப் பிடிச்சு உள்ள போடுங்க சார்" என்றார் லாடக்காரர். "பாக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார் செக்‌ஷன் சார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் சாப்பிட வந்தபோது விஷயத்தைச் சொன்னார். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தான்.

"மாமா, கவலையே படாதீங்க. நான் இருக்கேன். உங்களுக்காக ஒரு பைசா வாங்காம வாதாடறேன்."

"ஏண்டா, மணல்காரருக்கும் நீதானே வக்கீல்?" என்றாள் அவர் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டாள்.

"இருக்கட்டுமே அக்கா. ரெண்டு பேருக்கும் நானே நிப்பேன். கழுதைக்குத்தான் வக்கீல் கிடையாது." விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். "முதல்ல, அரசாங்க ஊழியர் மேல வழக்குப் போட மேலிடத்து அனுமதி வேணும். அதுக்கு எழுதிப் போட்டா எட்டு மாசம். ரெண்டாவது, கழுதைக்குச் சொந்தக்காரர் யாரு? நீங்க இல்ல. மூணாவது, அந்தம்மா எடுத்த போட்டோவுல இருக்கறது இந்தக் கழுதைதான்னு எப்படி நிரூபிப்பாங்க? எல்லாக் கழுதையும் ஒரே மாதிரிதானே இருக்கு. நாலாவது, டாக்டர் சர்டிபிகேட். அதுல முத்திரை இருக்காது."

"எப்படிச் சொல்ற?"

"உங்க ஆபீஸ் சர்டிபிகேட்டுல என்னைக்கு மாமா முத்திரை இருந்திருக்கு?"

செக்‌ஷன் சாரும் சிரித்துவிட்டார். பதினோரு வருடமாகத் தான் முட்டிமோதித் தோற்ற ஒவ்வொரு சுவரும் இப்போது தனக்குக் காவலாக நிற்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. எவ்வளவு கெட்டியான சுவர்கள்! உள்ளே இருந்து பார்த்தால் எவ்வளவு நிம்மதி! இத்தனை நாளும் குற்றவாளிகள் இந்த நிம்மதியில்தான் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மனைவி பாத்திரங்களை எடுத்துக்கொண்டே சொன்னாள். "உதவியாளர் ரிடையர் ஆன அன்னைக்கே நான் கேட்டேன். இனிமே அந்தக் கழுதைக்கு யாரு தீனி போடுவாங்கன்னு. ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"ஃபைல்ல இருக்குன்னு சொன்னீங்க."

திங்கட்கிழமை லாடக்காரர் வந்தார். ஷெட்டைப் பார்த்தார், கழுதையைப் பார்த்தார், செக்‌ஷன் சாரின் சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்தார். 'உள்ள போடுங்க' என்று போனில் தான் சொன்னதை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, வாயே திறக்கவில்லை. கழுதையின் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தார். செக்‌ஷன் சார் கழுதையின் தலையைப் பிடித்துக்கொண்டார். அறுபட்ட குளம்புத் துண்டுகள் காய்ந்த தேங்காய் ஓடு மாதிரி தரையில் விழுந்தன. ஒரே நாளில் முழுக்க வெட்ட முடியாது, மூன்று தடவையாக வெட்ட வேண்டும், அப்படியும் இடது முன்னங்கால் பழையபடி நேராகாது என்றார். அதை மட்டும் சொன்னார்.

மூன்றாவது காலுக்கு வந்தபோது, முன்பக்கத்திலிருந்து "சார், கையெழுத்துப் போடணும், எங்க இருக்கீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. மணல்காரர். ஜாமீனில் இருக்கிறவர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை வந்து ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் குரல் கேட்டதும் கழுதையின் உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம் ஓடியது. பிடித்துக்கொண்டிருந்த செக்‌ஷன் சாரின் கைக்கு அது தெரிந்தது. லாடக்காரரை உதறித் தள்ளிவிட்டு எழுந்து ஓடப் பார்த்தது. பாதி வெட்டிய குளம்பு, வெட்டாத குளம்பு, இரண்டையும் ஊன்றி, ஜீப்பில் மோதி, விழுந்தது. விழுந்த பிறகும் கால்கள் தரையைப் பிறாண்டின.

மணல்காரர் கதவில் வந்து நின்றார்.

"என்ன சார் இது?" என்றார். "எங்கிட்ட இருந்தப்போ முதுகுல ஒரு புண்ணுதானே சார் இருந்துச்சு. நடந்துக்கிட்டாவது இருந்துச்சு."

செக்‌ஷன் சாருக்கு ஏழாம் பிரிவு ஞாபகத்துக்கு வந்தது. உட்பிரிவு மூன்று, அடித்தல். உட்பிரிவு ஐந்து, நகர முடியாதபடி கட்டிப்போட்டுப் பராமரிக்காமல் விடுதல். இரண்டுக்கும் ஒரே தண்டனை. சட்டம் எழுதினவர்கள் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். இப்போது அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நீங்க தள்ளிப் போங்க. உங்க குரல் கேட்டு அது பயப்படுது" என்றார் அவர்.

"நான் அடிச்சது தப்புதான் சார். ஆனா நான் இதை மறந்ததில்ல" என்றார் மணல்காரர். அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. குத்தாமலே போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை செக்‌ஷன் சார் விசாரணை அறிக்கை எழுதினார். ஒரு புகார் வந்தால் ஏழு நாளுக்குள் இன்ஸ்பெக்டர் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அந்த வட்டாரத்தில் இருக்கிறது ஒரே ஒரு இன்ஸ்பெக்டர். இன்னொரு பதவி ஆறு வருடமாகக் காலி. ஆக, புகாருக்கு ஆளானவர் அவர், விசாரித்தவர் அவர், ஷெட்டில் அளவெடுத்து மகஜர் எழுதியவரும் அவர். 'விசாரித்ததில் புகார் முழுக்க உண்மை எனத் தெரியவருகிறது. எதிரி: இதில் கையொப்பமிட்டுள்ள இன்ஸ்பெக்டர்' என்று முடித்தார். டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி, முத்திரை விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் தயாரித்த வழக்குகளிலேயே ஓட்டை இல்லாத வழக்கு அதுதான். இந்த அக்கறையில் பாதியை முன்பே காட்டியிருந்தால் பத்துப் பேருக்காவது தண்டனை கிடைத்திருக்கும் என்ற எண்ணம் வந்தது. உடனே தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

துணை இயக்குநர் அம்மா அறிக்கையைப் படித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? 'புகாரில் உண்மையில்லை'ன்னு ஒரே வரி. எத்தனை தடவ எழுதியிருப்பீங்க?"

"நிறைய தடவ எழுதியிருக்கேன் மேடம். கை அதைத்தான் எழுதப் போச்சு."

"அப்புறம் என்ன?"

"அந்தம்மாகிட்ட ரசீது குடுத்துட்டேன்."

மேடம் அவரை வெகுநேரம் பார்த்தார். ரசீது கொடுத்த மனிதனைத் திருத்துவது கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். அறிக்கையில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார். "நாளைக்கு என் பேர் இதுல வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

கோர்ட்டு நாள் வந்தது. புதிதாக வந்த நீதிபதி அம்மாவின் மேசையில் கோப்புகள் அவர் தலைக்கு மேல் இருந்தன. ஒரு கோப்புக் கட்டை ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"விசாரணை அதிகாரி யாரு?"

"நான்தாம்மா."

"எதிரி எங்கே?"

"நான்தாம்மா."

நீதிபதி அம்மா கோப்பை மறுபடி புரட்டினார். "நீங்களே விசாரிச்சு, நீங்களே குற்றம்னு எழுதி, நீங்களே வந்து நிக்கிறீங்களா?"

"வேற ஆள் இல்லம்மா. பதவி காலி."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. மைத்துனன் பாய்ந்து எழுந்தான். "கனம் நீதிபதி அவர்களே, மேலிடத்து அனுமதி இல்லாததால் இந்த வழக்கே செல்லாது என்று..."

"மாப்ள, உக்காரு" என்றார் செக்‌ஷன் சார். கோர்ட்டில் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு நீதிபதியைப் பார்த்து, "குற்றத்தை ஒத்துக்கறேம்மா" என்றார். குரல் பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலாக இல்லை. கீச்சென்று வந்தது.

பின் பெஞ்சில் சாட்சி சொல்லத் தயாராக, ஒரு நாள் கடையை மூடிவிட்டு வந்திருந்த தையல்காரம்மாவை யாரும் கூப்பிடவே இல்லை.

நீதிபதி அம்மா சட்டப் புத்தகத்தை வாங்கி அபராதம் எவ்வளவு என்று பார்த்தார். பார்த்துவிட்டு, அச்சுப் பிழையோ என்று சந்தேகப்பட்டு அடுத்த பக்கத்தையும் பார்த்தார். சட்டம் எழுதின காலத்தில் அது பெரிய தொகையாக இருந்திருக்கும். இப்போது அதற்கு ஒரு குடையின் கைப்பிடிகூடக் கிடைக்காது. "இதுதான் அதிகபட்சம்" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "இதே குற்றத்தை ரெண்டாவது தடவ பண்ணினா சிறை. அதை ஞாபகம் வச்சுக்குங்க."

பணத்தைக் கட்டப் போனால், கோர்ட்டு கிளார்க் தலையைச் சொறிந்தார். இந்தச் சட்டத்தின் கீழ் யாரும் இதுவரை அபராதம் கட்டியதில்லை. எந்தப் புத்தகத்தில் ரசீது போடுவது என்று தெரியவில்லை. அலமாரியைக் குடைந்து, செல்லரித்த ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். முதல் பக்கம். ரசீது எண் ஒன்று.

அன்றைக்கே மணல்காரரின் வழக்குக்கும் பதினோராவது வாய்தா. அவர் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிளார்க்கிடம் வந்து, "ஒத்துக்கிட்டா அவ்வளவுதானா கட்டணும்?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்."

"பதினாலு மாசமா கூலியை விட்டுட்டு வந்து நின்னேனே! மொத நாளே சொல்லியிருந்தா கட்டிட்டுப் போயிருப்பேனே!" என்று சொல்லி வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். வக்கீல் மின்விசிறி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தான். மணல்காரர் போய்க் குற்றத்தை ஒத்துக்கொண்டார். ரசீது எண் இரண்டு.

செக்‌ஷன் சாருக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய வழக்குகளில் ஒருவர்கூடத் தண்டனையைக் கண்டு பயந்து ஓடியதில்லை. தண்டனை என்னவென்று அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. பதினோரு வருடமாக அவர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசியது ஒரு குடைக் கைப்பிடியைப் பற்றி.

வெளியே வந்ததும் மைத்துனன் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். "ஒரே காலையில ரெண்டு கட்சிக்காரங்க போயிட்டாங்க. மாமா, நீங்க எனக்குப் பண்ணினதுதான் வதை" என்றான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்துவிட்டான். அக்கா சமையலை அவ்வளவு காலம் விட்டுக்கொடுக்க அவனால் முடியாது.

துறை அவருக்கு ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தியது. கோர்ட்டு போட்ட அபராதத்தைவிட அது பல மடங்கு. ஆனால் வருடாந்திர அறிக்கையில் அதே துறை, 'கடுமையான நடவடிக்கைகளின் பலனாக இவ்வாண்டு இரண்டு பேருக்குத் தண்டனை பெற்றுத் தரப்பட்டது' என்று எழுதிக்கொண்டது. சென்ற ஆண்டைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்ற கட்டம் காலியாக இருந்தது. பூஜ்யத்தால் வகுக்க வரவில்லை. துணை இயக்குநர் அம்மாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அதெல்லாம் பிற்பாடு. கோர்ட்டு முடிந்த அடுத்த வாரம் கழுதையை ஊருக்கு வெளியே இருக்கும் காப்பகத்தில் கொண்டுபோய் விட வேண்டும் என்று உத்தரவு. துறை வண்டியில் ஏற்றச் சாய்வுப் பலகை இல்லை. கழுதையால் ஏற முடியாது. நான்கு கிலோமீட்டர். நடத்தியே கூட்டிப்போவது என்று செக்‌ஷன் சார் முடிவு செய்தார். காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், தையல்காரம்மா கடையைப் பூட்டிவிட்டுக் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நானும் வரேன். நீங்க கொண்டு போய் விடறதைக் கண்ணால பாக்கணும்."

"நம்பிக்கை இல்லையாம்மா?"

"இல்ல."

நடந்தார்கள். கழுதை இடது முன்னங்காலை இழுத்து இழுத்து வைத்தது. இருபது அடி நடக்கும், நிற்கும். நாற்சந்தியில், சரியாக நடுவில் வந்து, நின்றேவிட்டது. நான்கு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "யோவ், ரெண்டு தட்டு தட்டுய்யா, போகும்" என்று கத்தினார்.

"தட்டக் கூடாதுங்க. நான் ஏற்கனவே ஒரு தடவ தண்டனை வாங்கினவன். ரெண்டாவதுன்னா உள்ள போயிடுவேன்" என்று செக்‌ஷன் சார் பதில் கத்தினார். லாரிக்காரருக்கு என்ன புரிந்ததோ, ஹாரனை நிறுத்திவிட்டார்.

தையல்காரம்மா குடையைக் கழுதையின் தலைக்கு மேல் பிடித்தார். வெயிலில் மூன்று பேரும் நின்றார்கள்.

"ஒம்பது மாசமாப் பாத்துக்கிட்டிருந்தேன்னு சொன்னீங்களே. எப்பவோ வந்திருக்கலாமேம்மா" என்று கேட்டார் அவர். குறை சொல்கிற தொனி வந்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டே கேட்டார்.

அந்தம்மா குடையைக் கை மாற்றிப் பிடித்தார். "என் மிஷின் ஜன்னல் ஓரமா இருக்கு. ஊசி கோக்க வெளிச்சத்துக்குத் தலையைத் தூக்கினா இதுதான் தெரியும். மொதல்ல மிஷினைத் திருப்பிப் போட்டேன் சார். மூணு மாசம் சுவத்தைப் பாத்துக்கிட்டே தச்சேன். வெளிச்சம் பத்தாம ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாத்தி வச்சுட்டேன். அதுக்கப்புறம்தான் திரும்பப் போட்டேன்."

கழுதை தானாக நகர்ந்தது. அவர்களும் பின்னால் போனார்கள்.

காப்பகத்தில் ஆள் கேட்டைத் திறந்தார். உள்ளே பெரிய மண் திடல். கயிற்றை அவிழ்த்ததும் கழுதை பத்தடி தள்ளிப் போய் மண்ணை மோந்து பார்த்தது. அதே இடத்தில் இரண்டு முறை சுற்றி வந்தது. முன்னங்கால்களை மடக்கி, தடாலென்று சாய்ந்தது. செக்‌ஷன் சாருக்குப் பகீரென்றது. ஓட அடி எடுத்து வைத்தவரைக் காப்பக ஆள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்ணும் இல்ல சார். புரளுது."

கழுதை மல்லாந்து, நான்கு கால்களையும் வானத்துக்கு நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது. முதுகை மண்ணில் தேய்த்துத் தேய்த்து, மூக்கால் ஏதோ சத்தம் போட்டது. கிளம்பிய புழுதி அவருடைய இஸ்திரி போட்ட யூனிபாரம் முழுக்கப் படிந்தது. தையல்காரம்மா குடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, முதல் முறையாகச் சிரித்தார்.

செக்‌ஷன் சார் புழுதியைத் தட்டிவிடவில்லை. காப்பக ஆள் பதிவேட்டையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நின்றார். கழுதை புரண்டு முடிக்கட்டும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.